‘எட்டு’ என்றால் எள்ளைத் தின்

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னச் சோதனை. ‘தந்த பலகை’, ‘தந்தப் பலகை’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவது யாரோ கொடுத்த பலகை. இரண்டாவது யானைத் தந்தத்தில் செய்த பலகை. நடுவில் கூடியது ஒரே ஒரு ‘ப்’. அதே மாதிரி, ‘வேலை கொடு’ என்றால் உத்தியோகம் கேட்கிறோம். ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையிலிருக்கும் ஆயுதத்தைக் கேட்கிறோம். பள்ளிக்கூடத்தில் வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த கையோடு மறந்துபோன பாடம் இது. தமிழ் நகைச்சுவையில் பாதி அந்தப் பாடத்துக்குள்தான் இருக்கிறது. பேச்சுக்கலையிலும் கணிசமான பங்கு அங்கேதான்.

பழைய இலக்கண நூல்களுக்குள் நுழைய எனக்குத் தெரிந்து சிரிப்பைவிட நல்ல வாசல் கிடையாது. சிலேடை எப்படி நடக்கிறது, வஞ்சப் புகழ்ச்சி எங்கே கடிக்கிறது என்று ஒருமுறை பிரித்துப் பார்த்தவர், அதற்குப் பிறகு மேடைப் பேச்சை வேறு காதோடு கேட்பார். அதனால்தான் இதை அவசரமில்லாமல் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் நன்னூல். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. சொற்களை ஒருமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று மூன்றாக அவர் வகுக்கிறார். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. தனியாக நின்றால் ஒரு பொருள், பிரித்தால் இன்னொரு பொருள் தருவது பொதுமொழி. ‘எட்டு’ என்பது ஓர் எண். பிரித்தால் எள் + து. ‘து’ என்ற ஒற்றை எழுத்துக்கு ‘உண்’ என்று பொருள். நன்னூல் எண்ணிச் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் அதுவும் ஒன்று. ஆக, எட்டு என்றால் எள்ளைத் தின்! ‘வேங்கை’ ஒரு மரம், புலிக்கும் அதே பெயர். பிரித்தால் வேம் கை, வேகின்ற கை. ‘தாமரை’ பூ, பிரித்தால் தா மரை, தாவுகிற மான். வகுப்பில் இந்த ‘எள்ளைத் தின்’ வந்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த நொடியில் ஒரு பெரிய உண்மை அவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. சொல் எங்கே முடிகிறது என்பதைக் கேட்பவர்தான் தீர்மானிக்கிறார்.

இந்தத் தீர்மானம் இன்றைக்கு நமக்கு எளிது. அச்சில் இடம் விட்டுப் போடுகிறார்கள், காற்புள்ளி இருக்கிறது, கேள்விக்குறி இருக்கிறது. ஓலைச்சுவடியில் இதெல்லாம் இல்லை. எழுத்தாணி பிடித்தவர் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் எழுதிக்கொண்டே போவார். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று பெரும்பாலும் புள்ளியும் வைக்கமாட்டார்கள். குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே கொம்போடு நிற்கும். ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். இப்படி ஒரு வரியைக் கையில் எடுத்தவர், அது ‘பலகை’யா ‘பல கை’யா என்று ஓசையையும் பொருளையும் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். வாசிப்பதே சொல் பிரிக்கும் வேலையாக இருந்த காலம் அது. அந்தக் காலத்துப் புலவருக்குச் சிலேடை, மொழிக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய விளையாட்டு அல்ல. நாள் முழுக்கச் செய்யும் வேலையிலிருந்தே அது பிறந்தது.

இந்த விளையாட்டுக்குச் சட்டம் எழுதிய நூல் தண்டியலங்காரம். வடமொழியில் தண்டி செய்த காவியாதர்சத்தை ஒட்டி 12ஆம் நூற்றாண்டு வாக்கில் தமிழில் எழுந்தது. பொதுவணியியல், பொருளணியியல், சொல்லணியியல் என்று மூன்று பகுதி. பொருளணியியலில் மட்டும் 35 அணிகள். தன்மை, உவமை, உருவகம் என்று தொடங்கும் அந்த வரிசையில் சிலேடையும் ஓர் அணி. அதை நூல் இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லை உடைக்காமலே இரண்டு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. உடைத்தால்தான் இரண்டாவது பொருள் கிடைக்கும் என்றால் பிரிமொழிச் சிலேடை. ‘வேங்கை’ மரமாகவும் புலியாகவும் நிற்பது முதல் வகை, ‘வேம் கை’ ஆவது இரண்டாம் வகை. இந்த இரண்டு பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், எந்தச் சிலேடையையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

பார்த்துவிடலாமா? 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவரை எடுத்துக்கொள்வோம். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒன்றாக்கி அவர் பெயரில் ஒரு வெண்பா வழங்குகிறது. பாம்புக்கும் பழத்துக்கும் என்ன உறவு? ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டுக்கும் தோல் உரியும். இரண்டும் சிவபெருமான் தலைமேல் இருக்கும். பாம்பு அணியாக, பழம் அபிஷேகத்தில். இரண்டிலும் பல் பட்டால் மீட்சி இல்லை. பாம்பின் பல் பட்டால் ஆள் மீளமாட்டான், நம் பல் பட்டால் பழம் மீளாது. இதுவரைக்கும் செம்மொழிச் சிலேடை, எதையும் உடைக்கவில்லை. ஆனால் வெண்பா தொடங்கும் இடத்தில் அவர் செய்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டிலும் ‘நஞ்சு’ இருக்கிறது என்கிறார். பாம்பில் நஞ்சு இருக்கிறது, சரி. பழத்தில்? கனிந்து குழைந்த பழத்தை ‘நைந்து போச்சு’ என்கிறோம் அல்லவா? அந்த ‘நைந்து’ பேச்சில் ‘நஞ்சு’ ஆகிவிடும். இன்றைக்கும் கடைத்தெருவில் ‘பழம் நஞ்சு போச்சு’ என்பார்கள். இலக்கணம் வழுவாத வெண்பாவுக்குள் தெருப்பேச்சைக் கொண்டுவந்து, அதை வைத்தே பூட்டைத் திறக்கிறார். புலவர் வீதியில் காது கொடுத்து நடந்தவர் என்பதற்கு இந்த ஒரு சொல்லே சாட்சி.

நல்ல சிலேடைக்கும் வெறும் சொல் விளையாட்டுக்கும் இங்கேதான் வித்தியாசம். இரண்டு பொருளும் சொந்தக் காலில் நிற்க வேண்டும். பாட்டை முழுக்கப் பாம்பாகவே படிக்கலாம், முழுக்கப் பழமாகவே படிக்கலாம், எங்கும் தட்டாது. ஒரு பொருள் நேராக நின்று இன்னொன்று நொண்டினால் அது தேறாது. பிற்காலத்துச் சிலேடைகள் பலவற்றில் இரண்டாவது பொருளைக் காப்பாற்ற உரைகாரர் அகராதியோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கலாம். அவற்றை நான் சிலேடைக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

காளமேகத்தைப் பற்றி வழங்கும் இன்னொரு கதையையும் கேளுங்கள். பேச்சுக்கலைக்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரம். பசியோடு போன புலவருக்கு இலை விழ நேரமாகிவிட்டது. கோபத்தில் ஒரு வெண்பா பாடிவிட்டார். அதன் சாரம் இது: இங்கே பொழுது சாயும்போதுதான் அரிசியே வந்து சேரும். உலையில் இடும்போது ஊர் அடங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது வெள்ளி முளைத்துவிடும். நடு இரவு கடந்து விடியும் வரைக்கும் பட்டினி போட்ட சத்திரத்தின் மானத்தை வாங்கியாயிற்று. காத்தான் பதறி ஓடிவந்து, பாட்டு நிலைத்துவிடுமே, மாற்றிப் பாடக்கூடாதா என்று கெஞ்சினாராம். புலவர் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. பாட்டுக்கு உரையை மட்டும் மாற்றினார். ஊரில் தானியம் அத்தமித்துப் போகும் பஞ்ச காலத்திலும் இந்தச் சத்திரத்துக்கு அரிசி வந்துகொண்டே இருக்கும். அதை உலையில் இட்டால் ஊரார் பசி அடங்கும். இலையில் விழும் சோற்றின் வெண்மையைக் கண்டு வானத்து வெள்ளியும் வெட்கி எழுந்து போகும்.

கதை நடந்ததோ இல்லையோ, அந்த வெண்பா கையில் இருக்கிறது. அதில் எது மாறியது என்று கவனியுங்கள். சொல் மாறவில்லை, அடி மாறவில்லை. ‘அடங்கும்’ என்ற வினைக்கு எழுவாய் மாறியது. உறங்கிப்போன ஊர் போய், தீர்ந்த பசி வந்தது. ‘எழும்’ என்ற வினை, உதிப்பது என்ற பொருளை விட்டு எழுந்து போவது என்ற பொருளுக்கு வந்தது. வசையும் வாழ்த்தும் ஒரே வரியில் குடியிருக்க முடியும், கேட்பவர் மனத்தில் எந்தச் சூழலை எழுப்புகிறோமோ அதுதான் வரிக்குப் பொருளாகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் காட்டாது. அறிக்கை விட்டுவிட்டு மறுநாள் ‘நான் சொன்னதன் பொருள் அதுவல்ல’ என்பவர்கள் செய்வதும் இதே வேலைதான். காளமேகம் அதை அழகாகச் செய்தார்.

வசையையும் வாழ்த்தையும் ஒன்றில் ஒன்று மறைப்பதற்கு அணி நூல்கள் தனி இடம் கொடுத்திருக்கின்றன. புகழ்வதுபோலப் பழித்தல், பழிப்பதுபோலப் புகழ்தல் இரண்டையும் தண்டியலங்காரம் இலேச அணியில் பேசுகிறது. நாம் வஞ்சப் புகழ்ச்சி என்று அறிந்திருப்பது இதைத்தான். அதற்கும் வெகு முன்பே தொல்காப்பியம் வசைப்பாட்டை அங்கதம் என்று பெயரிட்டு, வெளிப்படையாகத் திட்டினால் செம்பொருள் அங்கதம், மறைத்துத் திட்டினால் பழிகரப்பு அங்கதம் என்று பிரித்துவிட்டது. அதே நூல், விடுகதையைப் ‘பிசி’ என்று சொல்லி, பாட்டுக்கும் உரைக்கும் சமமாக வரிசையில் உட்கார வைக்கிறது. பாட்டிமார் போடும் விடுகதைக்கு இலக்கணத்தில் நாற்காலி போட்ட மொழி இது.

மறைத்துத் திட்டுவதற்கு உச்சம் என்றால் ஔவையார்தான். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இத்தனை ஆயுதம் இருக்கிறது, போய்ச் சொல் என்பதுபோல. ஔவையார் பார்த்ததைச் சொல்கிறார். இவை மயில்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிகுந்த மனையில் அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி முனை முரிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இவ்வளவுதான். உன் ஆயுதம் போரையே பார்த்ததில்லை என்று அவர் சொல்லவே இல்லை. நெய் பூசிய வேலையும் முனை முரிந்த வேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். முடிவைத் தொண்டைமானே எடுக்க வேண்டும். தானே எடுத்த முடிவை எவரும் எளிதில் மறுக்கமாட்டார். தூது போனவர் அரசவையில் நின்று அரசனை அவமதித்த குற்றத்துக்கும் ஆளாகவில்லை, ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

வள்ளுவரும் கயமை அதிகாரத்தில் கயவரைத் தேவர்களோடு ஒப்பிடுகிறார். தடுப்பார் யாருமில்லாமல் நினைத்ததைச் செய்கிறார்களே, அதனால் தேவர் மாதிரி என்று. நம் வீடுகளில் இது தினசரிச் சங்கதி. ‘வாங்க துரை, இப்பத்தான் விடிஞ்சுதா?’ என்ற கேள்வியில் மரியாதைப் பன்மை, விளி, வினா மூன்றும் இலக்கணப்படி சரியாக இருக்கின்றன. அந்தச் சரிதான் சுடுகிறது.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் தொல்காப்பியம் சொல்லிவைத்திருக்கிறது. மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள். அழுகைக்கும் வீரத்துக்கும் முன்னால், முதல் இடத்தில் நகை. அதற்கு நான்கு பிறப்பிடம்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் பிறரைக் கேலி செய்வது. இளமை குழந்தைத்தனம். பேதைமை அறியாமை. மடன் மட்டும் கொஞ்சம் நுட்பமானது. சொன்னதை ஆராயாமல், சொன்னபடியே மெய்யென்று பிடித்துக்கொள்வது அது.

மடனுக்கு உதாரணம் வேண்டுமென்றால் பரமார்த்த குரு கதையைத்தான் எடுப்பேன். எழுதியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் எழுதி, எகர ஏகாரக் கொம்புகளைப் பிரித்துக் காட்டியவர். இலக்கணமும் அகராதியும் எழுதிய அதே கை, ஒரு மக்குக் குருவையும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களையும் படைத்தது. 1822இல் லண்டனில் அது அச்சேறியது.

அதில் குதிரைப் பயணக் கதை ஒன்று. குதிரைமேல் போகும் குருவின் தலைப்பாகை கிளையில் சிக்கி விழுந்துவிடுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவில்லையே. விழுந்ததையெல்லாம் எடுக்க வேண்டாமா என்று குரு திட்டுகிறார். அடுத்துக் குதிரை சாணம் போடுகிறது, அதையும் பத்திரமாக எடுத்துவிடுகிறார்கள், விழுந்ததாயிற்றே. குரு தலையில் அடித்துக்கொள்ள, எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று ஓலையில் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள் சீடர்கள். எழுதிக் கொடுக்கிறார். கொஞ்ச தூரத்தில் குருவே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையை எடுத்துப் படித்து, அதில் கண்ட துணிமணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டு, அவரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஓலையில் குரு இல்லை! கடைசியில் தன்னையும் பட்டியலில் சேர்த்து எழுதித்தான் அவர் மேலே வர முடிந்தது.

குழந்தைக் கதையென்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. சொல்லுக்கும் சொல்பவர் கருத்துக்கும் உள்ள இடைவெளியைப் பற்றிய கதை இது. ‘விழுந்ததையெல்லாம்’ என்ற சொல் தேவைக்கு மேல் அகலம், பட்டியல் தேவைக்குக் கீழே குறுகல். ஓர் அரசாணையையோ ஒப்பந்தத்தையோ எழுதுகிற எவரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார். பிற மொழியில் பிறந்து, ஒவ்வொரு தமிழ்ச்சொல்லின் எல்லையையும் தேடித் தேடிக் கற்றுக்கொண்ட ஒருவர் இதை எழுதினார் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

மறுபடியும் தண்டியலங்காரத்துக்கு வருவோம். செம்மொழி, பிரிமொழி என்ற பிரிவு போக, சிலேடையில் ஏழு வகையும் சொல்கிறது அது. அதில் நியமச் சிலேடை என்று ஒன்று. உதாரணத்துக்கு நானே ஒன்று கட்டிக் காட்டுகிறேன்: ‘எங்கள் ஊரில் அடி வாங்குவது மத்தளம் மட்டும். முறுக்கிக்கொள்வது கயிறு மட்டும். வாய் பிளந்து காத்திருப்பது குளத்து முதலை மட்டும்.’ அடிதடி இல்லை, சண்டை சச்சரவு இல்லை, லஞ்சத்துக்கு அலைபவர் இல்லை என்று நேராகச் சொல்லியிருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ‘மட்டும்’ என்று வேலி போட்டதும், வேலிக்கு வெளியே நிற்பது என்ன என்று கேட்பவர் மனம் தானாகத் தேடுகிறது. அரசர்களைப் புகழ்ந்த பழம்பாடல்களில் இது நிறைய. மேடையில் அடுக்கிப் பேசுபவர்களும் இதையே செய்கிறார்கள், பெயர் மட்டும் தெரிந்திருக்காது. தெரிந்துகொண்டால் நமக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அழகாகக் கட்டப்பட்ட வாக்கியத்தைக் கைதட்டி ரசிக்கலாம், ஆனால் அதில் சொன்னது உண்மையா என்று தனியே கேட்கலாம். ஊரில் மத்தளம் மட்டும்தான் அடி வாங்குகிறதா என்று ஊருக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

சொல்லணியியலில் சித்திரகவி என்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. எழுத்துகளைப் பாம்பு உருவத்தில் அடைக்கும் நாகபந்தம், சக்கரத்தில் அடைக்கும் சக்கரபந்தம் எல்லாம் அதில் சேரும். உழைப்பு பெரிது, ஆனால் அவை கண்ணுக்குத்தான் அதிகம் பேசுகின்றன. விதிவிலக்கு மாலைமாற்று. பின்னாலிருந்து படித்தாலும் அதே வரி. ‘விகடகவி’ என்ற சொல்லே அப்படித்தான். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் சீர்காழிக்கு ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடிவிட்டார். மூன்றாம் திருமுறையில் இருக்கிறது.

புத்தகத்தில் இருந்த இந்தக் கலையை நடைப்பேச்சில் வைத்திருந்தவர் கி.வா.ஜகந்நாதன் (1906–1988). உ.வே.சாமிநாதையரின் மாணவர், கலைமகள் ஆசிரியர். அவர் போன கார் வழியில் நின்றுவிட்டது, இறங்கித் தள்ள வேண்டிவந்தது, வயதானவரைத் தள்ளச் சொல்ல மற்றவர்கள் தயங்கினார்கள், நான் என்ன தள்ளாதவனா என்று அவர் கேட்டார் என்று ஒரு செய்தி உண்டு. ‘தள்ளாத’ என்பதற்குத் தளர்ந்த என்றும் பொருள், தள்ளமாட்டாத என்றும் பொருள். சொல்லை உடைக்கவில்லை, ஆகவே செம்மொழிச் சிலேடை. இப்போது நீங்களே வகை சொல்லிவிடுவீர்கள். இந்தச் சிலேடையில் மற்றவர்களின் கூச்சமும் தீர்ந்தது, காரும் நகர்ந்திருக்கும். இடம், ஆள், நேரம் மூன்றும் பொருந்தி, யாரையும் புண்படுத்தாமல் வந்து விழுந்தது. காளமேகத்தின் வசைக்கு ஊரே நடுங்கியது என்பார்கள். எனக்கு கி.வா.ஜ.வின் வழிதான் மேலாகப் படுகிறது.

படிக்க ஆசை வந்திருந்தால் தண்டியலங்காரத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், பாதியில் மூடிவிடுவீர்கள். சிலேடை அணியைத் திறந்து, உரையோடு, வாய்விட்டுப் படியுங்கள். பிறகு இலேசம், பிறகு மற்றவை. பக்கத்தில் தனிப்பாடல் திரட்டு இருக்கட்டும். காளமேகம் அதில் நிறையக் கிடைப்பார். ராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் முன்னின்று 19ஆம் நூற்றாண்டில் திரட்டச் செய்திராவிட்டால் வாய்மொழியில் திரிந்த அந்தப் பாட்டுகளில் பல நமக்கு வந்திருக்காது. வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ‘எட்டு’க்கு இன்னொரு பொருள் கேளுங்கள். தண்டியலங்காரமும் நன்னூலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உரையோடு இருக்கின்றன. காசு கேட்பதில்லை.